பேர் ஒட்டாத ட்யூப்

சிட்டு: உள்ள வரலாமா அண்ணி, இல்ல முதல்ல செருப்பை மாத்தணுமா?

அண்ணி: செருப்பை மாத்து, கோட்டை மாத்து. முடிஞ்சா அந்த வாயையும் மாத்திக்கிட்டு வா.

சிட்டு: வந்ததும் வராததுமா கடிக்கிறீங்களே... காலையில எங்க அண்ணன் போட்ட காபியா?

அண்ணி: அது காபின்னு நீ சொன்னா சரி. ட்யூபை இப்படிக் குடு.

சிட்டு: இந்தாங்க. ஐ.சி.யூ. நர்சம்மா தன் பொன்னான கையால கொண்டு வந்தது. பேர் கிடையாது, வயசு கிடையாது. நம்பர் மட்டும்தான். உங்க கெடுபிடி மேடம் சட்டம்.

அண்ணி: உங்க மேடம் எங்க மேடம்னு என்ன பிரிவினை? மேல வார்டுக்கும் அவங்கதான் தலைமை, கீழ இந்த லேபுக்கும் அவங்கதான்.

சிட்டு: பேரை நீங்கதானே வச்சீங்க. கெடுபிடின்னு.

அண்ணி: நான் வைக்கலாம். கூடப் படிச்சவ நான். அவங்க மேல மேல படிச்சு டாக்டர் ஆனாங்க, நான் இந்த மெஷினைக் கட்டிக்கிட்டேன். நீ வைக்கக் கூடாது. நேத்து ஆள்தானா இது?

சிட்டு: அதே ஆள்தான். அதுக்கு மேல கேக்காதீங்க.

அண்ணி: கேக்கலையே.

சிட்டு: கேக்கப் போற மூஞ்சி மாதிரி இருந்துச்சு.

அண்ணி: என் மூஞ்சியே இதுதான். உங்க அண்ணன் புகாரே பண்ணலை, உனக்கென்ன? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. ரத்தத்துல சாயம் கலந்துட்டேன், கொஞ்ச நேரம் இருட்டுல இருக்கணும்.

சிட்டு: உக்கார்றேன். காலு ரெண்டும் என்னுதே இல்ல போல இருக்கு.

அண்ணி: மேல கூட்டமா?

சிட்டு: எல்லா கட்டிலும் நிறைஞ்சு கிடக்கு. அண்ணி... ஒண்ணு கேக்கட்டுமா? இந்த நம்பர்காரரோட பையன் ஒருத்தன் வெளிய உக்காந்திருக்கான். தினமும் ரத்தம் எடுக்கிறீங்களே, அதுல என்னதான் பாக்கறீங்கன்னு கேக்கறான். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னா அவனுக்கு இன்னும் பயம் வந்துடுது. நீங்க சொல்லுங்க, அப்படியே போய் ஒப்பிச்சுடறேன்.

அண்ணி: படிச்ச பையனா?

சிட்டு: படிச்சவன்தான். ஆனா அம்மா கட்டில்ல... ஆமா, நோயாளி பொம்பளைதான். இதைச் சொன்னா சட்டம் உடைஞ்சிடுமா?

அண்ணி: உடைஞ்சதை ஒட்ட முடியாது. மேல சொல்லு.

சிட்டு: சொந்தக்காரங்க கட்டில்ல கிடக்கும்போது படிப்பு எங்க இருக்கும்? குழந்தை மாதிரி பேந்தப் பேந்த முழிக்கிறான். சிறுநீரகத்துல ஒரு கல்லு, அதுல சீழ் பிடிச்சு, ரத்தம் பூரா பரவி, பிரஷர் அப்படியே கீழ விழுந்து... ஒரு கல்லு ஒரு ஆளையே சாய்ச்சுடுமான்னு கேக்கறான்.

அண்ணி: சரி, இப்படிச் சொல்லு. ரத்தத்துல ஒரு வகை வெள்ளைச் செல் இருக்கு. கிருமியைப் பார்த்தா முழுங்கும். முழுங்கிட்டுச் சும்மா இருக்காது. அதுல ஒரு துண்டை எடுத்துத் தன் மேல்தோல்ல தூக்கிக் காட்டும், "இவன்தான் திருடன், அடையாளம் பார்த்துக்குங்க"ன்னு. அதைப் பார்த்துத்தான் மத்த செல்லெல்லாம் சண்டைக்கு வரும்.

சிட்டு: தூக்கிக் காட்டறதுக்குக் கை வேணுமே.

அண்ணி: அந்தக் கையைத்தான் நாம எண்ணுறோம். ஹெச்.எல்.ஏ.-டி.ஆர்.னு பேரு, அது அவனுக்கு வேண்டாம். செல்லோட மேல்தோல்ல இருக்கிற கை. நல்லா இருக்கிற ஆளுக்கு ஒரு செல் மேலயே ஆயிரக்கணக்குல நீட்டிக்கிட்டிருக்கும். இந்த மாதிரி ரத்தம் பூரா விஷமாகி பிரஷர் விழுந்தவங்களுக்கு, முதல்ல செல்லெல்லாம் வெறி பிடிச்சுச் சண்டை போடும். சொந்த உடம்பையே சேர்த்து அடிக்கும். அப்புறம் ஓய்ஞ்சு போய்க் கையைக் கீழ போட்டுடும்.

சிட்டு: தோத்துப் போச்சா?

அண்ணி: சாகலை. இருக்கும். ஆனா கிருமி பக்கத்துல நடந்து போனாலும் தலையைத் தூக்காது. அதான் ஆபத்து. முதல் கிருமி கிட்ட பிழைச்சவங்க, அப்புறம் வர்ற ஒண்ணுமில்லாத கிருமியால செத்துப் போயிடறாங்க.

சிட்டு: இதை அவன்கிட்டச் சொல்லணுமா?

அண்ணி: அந்தக் கடைசி வரியை விட்டுடு. கை ஏறுதா இறங்குதான்னு தினமும் பாக்கறோம், ஒரு கோடு வச்சிருக்கோம், கோட்டுக்குக் கீழயே கிடந்தா செல்லைத் தட்டி எழுப்புற புது ஊசி ஒண்ணு இருக்குன்னு சொல்லு.

சிட்டு: அதை எல்லாருக்கும் போட்டா என்ன?

அண்ணி: முழிச்சுக்கிட்டிருக்கிறவனைத் தட்டி எழுப்பினா அடிக்க வருவான் இல்ல? தானா ஏறிக்கிட்டிருந்தா போடக் கூடாது. ஏறலைன்னா போட்டே ஆகணும். டாக்டருங்க இன்னைக்கு அதைத்தான் முடிவு பண்றாங்க, அப்படித்தானே?

சிட்டு: ஆமா. உங்க நம்பருக்காகத்தான் மேல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.

அண்ணி: எப்படி நிக்கிறீங்களோ தெரியலை போ. நான் பாக்கறது வெறும் புள்ளி. நீ ஆளைப் பாக்கறே. புரட்டிப் படுக்க வைக்கிறே, வாயைத் துடைச்சு விடறே, முழிக்காத ஆள்கிட்ட பேசறே. பேசறியா இப்பவும்?

சிட்டு: பேசாம? வெளிய வெயில் அடிக்குது, டாக்டர் புதுச் சட்டை போட்டிருக்கார், கன்றாவியா இருக்கு... எல்லாம் சொல்லுவேன். அவங்க காதுல விழுதோ இல்லையோ.

அண்ணி: விழும். சரி, சாயம் ஏறியிருக்கும். இரு, மெஷின்ல விடறேன்.

சிட்டு: எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கலை அண்ணி. வரிசையில ஒவ்வொரு செல்லா வந்து வெளிச்சத்துக்கு முன்னாடி நின்னுட்டுப் போகுதே, போட்டோ எடுக்கிற மாதிரி.

அண்ணி: தள்ளுமுள்ளு கிடையாது பாரு. நம்ம ஆளுங்களை ஒரு நாள் இப்படி வரிசையில நிக்க வையி. ...அண்ணே, ஸ்லைடு அண்ணே, ஒரு நிமிஷம் வர்றீங்களா?

ஸ்லைடுக்காரர்: வந்துட்டேம்மா. மைக்ராஸ்கோப்பை விட்டு எந்திரிச்சா முதுகு படக்குனு சொல்லுது. கட்டம் போடணுமா?

அண்ணி: ஆமாண்ணே. நீங்க போடுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

சிட்டு: கட்டம் நீங்க போட மாட்டீங்களா?

அண்ணி: கண்ணாடி மாத்தணும். புள்ளியெல்லாம் மசமசன்னு தெரியுது.

சிட்டு: அதுக்கு எதுக்குத் திரும்பி நிக்கணும்? கல்யாணப் பொண்ணு மாதிரி.

ஸ்லைடுக்காரர்: இப்பல்லாம் இப்படித்தாம்மா பண்றாங்க. நான் கேட்டுப் பார்த்துட்டேன், பதில் வராது. பாரு சிட்டு, இந்தப் புள்ளிக் கூட்டத்துல நமக்கு வேண்டியது இந்த மேகம் மட்டும்தான். அதைச் சுத்திக் கையால ஒரு கட்டம் போடணும். உள்ள விழறதைத்தான் மெஷின் கணக்குல எடுத்துக்கும்.

சிட்டு: ஓரத்துல இருக்கிற புள்ளி?

ஸ்லைடுக்காரர்: அங்கதான் வினை. கொஞ்சம் இழுத்துப் போட்டா ஒரு நம்பர், சுருக்கிப் போட்டா வேற நம்பர். ஆளு யாருன்னு தெரியாதவன் போடணும்கிறது அதுக்குத்தான். போட்டாச்சும்மா. ...அடேங்கப்பா. நேத்தைக்கு இது ரெண்டு மடங்கு.

சிட்டு: என்னது? கோட்டுக்கு மேலயா?

ஸ்லைடுக்காரர்: நல்லா மேல. நான் போறேன், ஸ்லைடு காயுது.

சிட்டு: அண்ணி... அண்ணி, கேட்டீங்களா? ஏறிடுச்சு. தானாவே எழுந்துடுச்சு. நான் காலையில கையைப் பிடிச்சப்பவே நினைச்சேன், சூடு வேற மாதிரி இருந்துச்சு. போனைக் குடுங்க, மேல சொல்லிடறேன்.

அண்ணி: போனை வை.

சிட்டு: ஏன்?

அண்ணி: ஒரே ராத்திரியில இவ்வளவு ஏறாது. ட்யூப் எப்படி வந்துச்சு?

சிட்டு: என் கையில வந்துச்சு.

அண்ணி: ஐஸ் பெட்டியிலயா?

சிட்டு: ஐஸ் பெட்டியிலதான்...

அண்ணி: சிட்டு.

சிட்டு: பெட்டியிலதான் வச்சேன். அப்புறம் வராண்டாவுல அந்தப் பையன் கையைப் பிடிச்சுக்கிட்டான். அழ ஆரம்பிச்சுட்டான். பெட்டியை எங்கேயோ வச்சுட்டு, ட்யூப் விழுந்துடப் போகுதுன்னு கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அவனை உக்கார வச்சுத் தண்ணி குடுத்து... கொஞ்ச நேரம் ஆயிடுச்சு.

அண்ணி: உடம்புச் சூட்டுல இருந்திருக்கு.

சிட்டு: ரத்தம்தானே, உடம்புச் சூட்டுலதானே எப்பவும் இருக்கு.

அண்ணி: உடம்புக்குள்ள இருக்கிறது வேற. வெளிய எடுத்தப்புறம் ஐஸ்ல வைக்கலைன்னா, ட்யூபுக்குள்ளயே இந்தக் கை தானா முளைக்கும். ஆளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ட்யூபுக்கு மட்டும் உடம்பு தேறியிருக்கும்.

சிட்டு: நிஜமாவே ஏறியிருந்தா?

அண்ணி: இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதான் இந்த நம்பர் செல்லாதுங்கறேன்.

சிட்டு: அண்ணி, இந்த ஒரு தடவை... நல்ல செய்தியோட வர்றேன்னு அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

அண்ணி: நல்ல செய்தின்னு சொல்லி ஊசியை நிறுத்திடுவாங்க. அப்புறம் அந்தம்மாவோட செல்லு கையைத் தூக்காமலே கிடந்தா? அப்ப அவன் கண்ணை எப்படிப் பார்ப்பே?

சிட்டு: நீங்க பேசறது அப்படியே மேடம் பேசற மாதிரி இருக்கு.

அண்ணி: அவங்க இருந்தா இவ்வளவு பேசிக்கிட்டிருக்க மாட்டாங்க. ட்யூபை வாங்கினதும் விரலால தொட்டுப் பார்த்திருப்பாங்க. நான் தொடலை இன்னைக்கு. வாங்கின அவசரத்துல விட்டுட்டேன்.

சிட்டு: நீங்களா? அவசரமா?

அண்ணி: போய் வேற ரத்தம் எடுத்துட்டு வா. கையில ஏற்கனவே குழாய் போட்டிருப்பீங்க, ஊசி குத்த வேண்டியதில்லை. டாக்டர்கிட்ட நானே பேசி நேரம் கேக்கறேன். யார் தப்புன்னெல்லாம் சொல்ல மாட்டேன். ட்யூப் சூடாயிடுச்சு, அவ்வளவுதான்.

சிட்டு: நானே சொல்லிக்கறேன். என் பாக்கெட்டுதானே.

அண்ணி: அப்படின்னா நீயே சொல்லு. அதுவும் சரிதான். ஓடாதே, நடந்து போ. வரும்போது மட்டும் யார் கையைப் பிடிச்சாலும் நிக்காதே.

*

சிட்டு: இந்தாங்க. பெட்டி முழுக்க ஐஸ். என் விரலே மரத்துப் போச்சு, தொட்டுப் பாருங்க.

அண்ணி: ட்யூபைத் தொடறேன், அது போதும். ...ம். இதுதான் ட்யூப். திட்டினாங்களா?

சிட்டு: டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கன்றாவிச் சட்டைக்குள்ள இருந்து. அவ்வளவுதான். பையனைத் திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேன் அண்ணி. அது பாவமா இருந்துச்சு.

அண்ணி: பாவம்தான். உக்காரு. மறுபடி சாயம், மறுபடி இருட்டு.

சிட்டு: மேடம் ஏன் அண்ணி இப்படி ஒரு சட்டம் போட்டாங்க? பேர் ஒட்டினா என்ன கெட்டுடும்? நீங்க என்ன வேணும்னே தப்பாவா பண்ணப் போறீங்க?

அண்ணி: வேணும்னு யாரும் பண்றதில்லை. அவங்களுக்கே நடந்துச்சு. ஆரம்பத்துல நாங்க ரெண்டே பேர். மேல வார்டுல ஒரு சின்னப் பொண்ணு, குழந்தை பெத்த கையோட விழுந்துட்டா. மேடம்தான் வைத்தியம், கீழ வந்து கட்டம் போட்டதும் அவங்களேதான். அந்தப் பொண்ணு தேறிட்டா, வீட்டுக்கும் போயிட்டா.

சிட்டு: நல்லதுதானே?

அண்ணி: எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். இவங்களுக்குத் தூக்கம் வரலை. மெஷின்ல பதிவான பழைய புள்ளிப் படத்தையெல்லாம் எடுத்துப் பேரை மறைச்சுட்டு மறுபடி கட்டம் போட்டுப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணோட கட்டம் மட்டும் ஒவ்வொரு தடவையும் துளி இழுத்துப் போட்டிருக்கு. துளிதான். மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருந்தாங்க, பெரிய இடம். நான் இதுவரைக்கும் போட்ட கட்டம் எதையும் நம்பாதீங்கன்னு தானே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்க.

சிட்டு: யாருமே கண்டுபிடிக்காததை?

அண்ணி: யாராலயும் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. அதான் அவங்க. எனக்கு அன்னைக்கு அவங்க மேல அப்படி ஒரு கோபம். எத்தனை நாள் உழைப்பு. ரெண்டு வாரம் பேசலை. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன்... இந்த மாதிரி ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து வேலை பாக்க யாருக்குக் குடுத்து வச்சிருக்கு?

சிட்டு: ம்.

அண்ணி: என்ன, கண்ணைத் துடைக்கிறே?

சிட்டு: சாயம் வாடை. கண்ணு எரியுது.

அண்ணி: இந்தச் சாயத்துக்கு வாடை கிடையாது. ஆமா, வெளியூர் மீட்டிங்குக்குப் போன இடத்துலேர்ந்து மேடம் பேசினாங்களா உன்கிட்ட?

சிட்டு: ம்... பேசினாங்க. நல்லா இருக்கேன்னாங்க. அங்க டவர் சரியா கிடைக்கலை, அதான் உங்களைக் கூப்பிட முடியலைன்னாங்க.

அண்ணி: சாப்பாடெல்லாம் ஒத்துக்குதாமா?

சிட்டு: ஒத்துக்குது... ஒத்துக்குதாம். சாயம் ஏறியிருக்குமே அண்ணி, பாருங்க.

அண்ணி: ஏறியிருக்கும். அண்ணே, மறுபடியும் உங்களைத்தான்.

ஸ்லைடுக்காரர்: வர்றேன் வர்றேன். ம்... திரும்பிக்கிட்டீங்களா? சரி. இந்த மேகம்... ஓரத்துல கொஞ்சம் கலங்கலா இருக்கும்மா. சேக்கவா, விடவா?

அண்ணி: என்னைக் கேக்காதீங்க. மத்த ட்யூபுக்கு என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க.

ஸ்லைடுக்காரர்: விட்டுடுவேன்.

அண்ணி: அப்ப விட்டுடுங்க.

ஸ்லைடுக்காரர்: போட்டாச்சு. ...ஏறலைம்மா. கோட்டுக்குக் கீழதான். நேத்தை விடவும் ஒரு பிடி குறைவு.

சிட்டு: அய்யோ.

ஸ்லைடுக்காரர்: யாரோ பெத்த புள்ள. பாப்போம், ஊசி இருக்குல்ல. நான் வர்றேன்மா.

அண்ணி: ஹலோ, ஐ.சி.யூ.வா? டாக்டர்கிட்டக் குடுங்க. ...லேபுலேர்ந்து பேசறேன் டாக்டர். காலையில வந்த ட்யூப் செல்லாது, இப்ப வந்ததுதான் கணக்கு. கோட்டுக்குக் கீழ. இறங்கிக்கிட்டே போகுது. ...இல்ல டாக்டர், சந்தேகம் இல்லை. ஊசியை ஆரம்பிக்கலாம். ...ஆமா, இப்பவே. நாளைக்கு இதே நேரத்துக்கு அனுப்புங்க, ஐஸ்ல. வச்சுடறேன்.

சிட்டு: எப்படி அண்ணி...

அண்ணி: என்ன எப்படி?

சிட்டு: கரன்ட் பில் படிக்கிற மாதிரி படிச்சுட்டீங்களே. இறங்கிக்கிட்டே போகுதுன்னு.

அண்ணி: வேற எப்படிப் படிக்கணும்? காலையில நம்பரை நம்பியிருந்தா இந்த ஊசி அவங்களுக்குக் கிடைச்சிருக்காது. இப்பக் கிடைக்கும். அதை நினைச்சுக்கோ.

சிட்டு: யாருன்னு தெரிஞ்சிருந்தா இப்படி நின்னு பேசியிருக்க மாட்டீங்க.

அண்ணி: சிட்டு, வேண்டாம். சட்டம்.

சிட்டு: சட்டம், சட்டம்... என்னால முடியலை அண்ணி. இத்தனை நாளா உங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொல்றேன். வீட்டுக்கு வந்தா அண்ணன் முகத்தைப் பார்த்துப் பொய். சாப்பாடு ஒத்துக்குதுன்னு சொல்றேனே, மூக்குல குழாய் வழியா ஊத்தறது நான்தான். மேடம் எந்த மீட்டிங்குக்கும் போகலை. மேல கடைசிக் கட்டில்ல கிடக்காங்க. அந்தப் பையன் அவங்க பையன்தான். மூச்சுக் குழாய் போடறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பேசவே முடியாம பேசினாங்க. "கீழ அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ கை ஆடும். அவ கை ஆடினா நான் பிழைக்க மாட்டேன்"னு... சத்தியம் வாங்கிக்கிட்டாங்க அண்ணி.

அண்ணி: அவ சொன்னது சரிதான். ஆடுது. முதல் ட்யூபை மெஷின்ல விட்ட அன்னைக்கே தெரிஞ்சு போச்சு எனக்கு. உனக்கும் எனக்கும் எல்லாருக்கும் செல் மேல இருக்கிற ஒரு அடையாளம், அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால ஒரு கெடுதலும் இல்லை, ஆனா திரையில பளிச்சுன்னு ஒரு ஓட்டையாத் தெரியும். மெஷின் சரியா ஓடுதான்னு பாக்க நானும் அவளும் மாத்தி மாத்தி எங்க ரத்தத்தையே குடுத்து வந்தவங்க, எனக்கு அது தெரியாதா? அன்னையிலேர்ந்து ஒரு கட்டம்கூட நான் போடலை சிட்டு. திரும்பி நின்னுக்கிட்டு அழுதுட்டுத்தான் திரும்பறேன். நீ மேல போ, அவளுக்கு ஊசி போடு, வெயில் அடிக்குதுன்னு சொல்லு. எனக்குத் தெரியும்கிறதை மட்டும் காதுல சொல்லிடாதே. தெரிஞ்சா அந்த மயக்கத்துலேர்ந்து அப்படியே எழுந்து வந்து, ஏண்டி முதல் நாளே ட்யூபை வேற லேபுக்கு அனுப்பலைன்னு நாள் பூரா என்னைத் திட்டுவா. ...இல்ல, சொல்லு. போய்ச் சொல்லு. எழுந்து வந்து திட்டட்டும்.